பிரட் மேக்கர் யாருடைய வேலையைக் குறைத்தது?

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பிரட் மேக்கர் இரண்டு வருடம் கிடந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒரு விடுமுறையில் கொண்டுவந்தது. "அக்கா, மாவு, தண்ணி, ஈஸ்ட் போட்டு பட்டனை அமுக்கினா போதும். மூணரை மணி நேரத்துல பிரட் ரெடி" என்றான். அவன் சொன்னது உண்மைதான். முதல் வாரம் வீடே மணத்தது. இரண்டாம் வாரம், "இனிமே கடை பிரட் வேண்டாம், அதுல என்னென்னவோ சேர்க்கிறாங்க" என்று வீட்டில் முடிவானது. மூன்றாம் மாதம் ஒருநாள், இரவு பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் மாவு அளந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை எங்கள் வீட்டில் இல்லாத ஒரு வேலை, யாரும் பெயர் சொல்லாமலேயே என் பெயரில் எழுதப்பட்டிருந்தது. அன்றோடு அதைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

"பிரட் மேக்கர் வாங்கலாமா, பணத்துக்குப் பிரயோஜனமா?" என்று தோழிகள் கேட்பதுண்டு. கடை பிரட்டின் விலை, மாவின் விலை, கரண்ட் செலவு என்று கணக்குப் போடுவோம். அந்தக் கணக்கில் ஒரு வரி எப்போதும் விட்டுப்போகிறது. அது வரலாற்றில் இருக்கிறது.

ரொட்டி அன்றாட உணவாக இருந்த அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம். வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற நூலை எழுதினார். 'அம்மாவுக்கு மேலும் வேலை' என்று பொருள். தலைப்பே அவருடைய வாதம். பெரிய மாவு ஆலைகள் வருவதற்கு முன்பு, தானியத்தைச் சுமந்துபோய் அரைத்து வருவது ஆண்களின் வேலை. அந்தக் கரகரப்பான சோள மாவில் பெண்கள் சட்டென்று கலந்து சுட்டெடுக்கும் எளிய ரொட்டிதான் பல வீடுகளில் உணவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலையில் அரைத்த வெள்ளைக் கோதுமை மாவு கடைக்கு வந்தது. ஆணுக்கு ஆலைக்குப் போகும் வேலை ஒழிந்தது. பெண்ணுக்கோ, வெள்ளை மாவு வந்ததும் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து, பொங்கவைத்து, மறுபடி பிசைந்து சுடும் ரொட்டியும் கேக்கும் கடமையாகிவிட்டன. ஒரே மாற்றம் அவனுக்கு ஓய்வையும் அவளுக்குக் கூடுதல் வேலையையும் தந்தது.

பிறகு அந்த வேலை வீட்டை விட்டு வெளியேறியது. 1890 வாக்கில் அமெரிக்க ரொட்டியில் பெரும்பகுதி வீட்டில் பெண்கள் சுட்டதுதான். 1930இல் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பேக்கரிகளிலிருந்து வந்தது. அங்கே பிசைந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதுவும் கூலிக்கு. வீட்டில் சம்பளமில்லாமல் நடந்தது, வெளியே போனதும் சம்பளமுள்ள தொழிலானது.

அப்படியென்றால் பெண்களுக்கு நேரம் மிஞ்சியிருக்க வேண்டும். ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் 1974இல் இதை ஆராய்ந்து எழுதினார். வெளிவேலைக்குப் போகாத அமெரிக்க இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தார்கள். 1960களில் சுமார் 55 மணி நேரம். இடையில் வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் வந்திருந்தன. ஆனால் எத்தனை முறை துவைக்க வேண்டும், எவ்வளவு சுத்தம் வேண்டும், எத்தனை வகை சமைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே ஏறியிருந்தது.

பிரட் மேக்கர் பிறந்தது இதற்குப் பிறகு, ஜப்பானில். இன்று பானசோனிக் என்று அறியப்படும் மட்சுஷிதா நிறுவனம் 1980களில் அமெரிக்க வாழ்க்கையைப் பார்த்துவர ஒரு குழுவை அனுப்பியது. வேலைக்குப் போகும் பெண்கள் கூடிவருவதையும் வீட்டுச் சமையல் சுருங்கிவருவதையும் அந்தக் குழு கவனித்தது. 'வேலை எளிது, உணவு வளம்' என்ற நோக்கில் பிறந்த பொருள்களில் ஒன்று பிரட் மேக்கர். பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், யார் சமைப்பது என்ற கேள்விக்கு, வீட்டிலுள்ள மற்றவர்கள் என்பதும் ஒரு பதில். கம்பெனிகள் விற்கக்கூடிய பதில் இயந்திரம்தான்.

முதல் மாதிரி தோற்றது. பிரட்டின் மேல்தோல் கருக, உள்ளே மாவு வேகாமல் இருந்தது. அப்போது இக்குகோ தனாகா என்ற பெண் மென்பொருள் வல்லுநர் ஒரு யோசனை சொன்னார். ஒசாகா நகரத்தில் நல்ல பிரட்டுக்குப் பெயர்போன ஓட்டல் ஒசாகா இன்டர்நேஷனல். அதன் தலைமை பேக்கரிடம் அவரே போய்ப் பிசையக் கற்றுக்கொண்டார். பேக்கர் மாவை வெறுமனே பிசையவில்லை, முறுக்கி இழுத்தார். அந்தக் கைவாகைத் தனாகா பொறியாளர்களுக்கு விளக்க, ஓராண்டுக்கு மேல் முயன்று, பாத்திரத்தின் உட்சுவரில் மாவைப் பிடித்துக்கொள்ளும் மேடுகளை வைத்து அதை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1987இல் 36,000 யென் விலையில் 'ஹோம் பேக்கரி' வந்தது. முதல் ஆண்டிலேயே 5,36,000 விற்றது.

நிர்வாகவியல் மாணவர்களுக்கு இன்றும் இந்தக் கதை பாடம். சொல்லில் அடங்காத கைப்பழக்கமும் ஓர் அறிவு என்பதற்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். படிக்கும்போது தனாகாவை நினைத்துப் பெருமையாக இருக்கும். கூடவே ஒன்று உறுத்தும். அதே பக்குவம் நூற்றாண்டுகளாகப் பெண்களின் கைகளில் இருந்தது. அதற்கு அப்போது 'அறிவு' என்று பெயரில்லை. ஓட்டல் சமையலறையிலிருந்து கம்பெனிக்குப் போனபோதுதான் பெயர் கிடைத்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அம்மா ஆட்டுக்கல்லில் ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறுகையால் மாவைத் தள்ளிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கோவையில் 1950களில் உருவான மின்சார கிரைண்டர் அந்தத் தோள்வலியைப் போக்கியது. 2011இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் பெண்களுக்குக் கொடுத்தபோது கேலி செய்தவர்கள் பலர் ஆட்டுக்கல் அருகே உட்கார்ந்தே இராதவர்கள். ஆனாலும் கோவன் சொன்னது இங்கேயும் நடந்தது. பாட்டி வீட்டில் இட்லி தீபாவளிக்கும் விருந்தாளிக்கும்தான். கிரைண்டர் வந்த எங்கள் வீட்டில் மாவு தீர்ந்துபோவதே குற்றமானது.

இருந்தாலும் கிரைண்டர், நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையைக் குறைத்தது. பிரட் அப்படியல்ல. காய்ச்சலுக்குப் பாலும் பிரட்டும், டீக்கடையில் பன் என்று அது நமக்கு எப்போதும் வெளியிலிருந்தே வந்தது. தமிழ்ப் பெண்ணின் வேலைப் பட்டியலில் பிரட் இருந்ததில்லை. ஆகவே நம் வீட்டில் பிரட் மேக்கர் எதையும் குறைப்பதில்லை. புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது. அளப்பது, ஈஸ்ட் தீர்ந்ததா என்று பார்ப்பது, பிரட்டின் அடியில் மாட்டிக்கொண்ட துடுப்பைப் பிடுங்குவது, கழுவுவது எல்லாம் பட்டனுக்கு வெளியே இருக்கும் வேலைகள்.

அதனால் வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். என்ன சேர்க்கிறோம் என்று தெரிந்து சாப்பிட வேண்டிய ஒவ்வாமைக்காரர் இருக்கும் வீட்டில் அது பெரிய உதவி. பிசைவதில் மகிழ்ச்சி காண்பவருக்கும், கைவலியால் பிசைய முடியாதவருக்கும் பயன்படும். விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வாங்குபவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பிரட், அதற்கு மூன்று நான்கு மணி நேரம்.

போன மே மாதம் கல்லூரி விடுமுறையில் இருந்த மகன், "அம்மா, வீட்டு பிரட் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு" என்றான். ஏணியைக் காட்டினேன். அவனே இறக்கினான், அவனே அளந்தான். சென்னை வெயிலில் ஈஸ்ட் அதிகமாகி முதல் பிரட் பொங்கி நடுவில் அமுங்கிப்போனது. இரண்டாவது சரியாக வந்தது. துடுப்பைப் பிடுங்கிக் கழுவியதும் அவன்தான். இப்போது மெஷின் பரணில் இல்லை, மேடையில் இருக்கிறது. பிரட் வேண்டும் என்பவர் செய்வது என்பது எங்கள் வீட்டு விதி. யாருக்கும் வேண்டாத வாரத்தில் அது சும்மா இருக்கிறது.

நீங்கள் வாங்குவதானால், விலையைக் கேட்பதற்கு முன் வீட்டில் உள்ளவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: ராத்திரி பத்து மணிக்கு மாவு அளக்கப்போவது யார்?