புகையும் பதிவேடும்

பள்ளிவாசல் அலுவலக அலமாரிகளில் இருவகைப் பதிவேடுகள் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வருகின்றன. ஒன்று நிக்காஹ் பதிவேடு. மற்றொன்று மவ்த்துப் பதிவேடு. முன்னதில் மணமக்கள், வலீ, சாட்சிகள், மஹர் என யாவும் விரிவாக எழுதப்படுகின்றன. பின்னதிலோ, பெரும்பாலான மஹல்லாக்களில், பெயர், தந்தை பெயர், வயது, அடக்கம் செய்யப்பட்ட நாள் என்பவற்றோடு குறிப்பு முடிந்துவிடுகிறது. மர்ஹூம் எந்தத் தொழில் செய்தார், எந்த ஊரில் செய்தார், எந்த நோயினால் மறைந்தார் என்பதற்கு அதில் இடமில்லை. "அல்லாஹ்வின் நாட்டம்" என்று பொறுமை கொள்வது நம் ஈமானின் பாற்பட்டது. ஆயினும், பின்னால் வருவோரைக் காக்கக்கூடிய ஒரு செய்தியை எழுதாமல் விட்டுவிடலாமா? மனிதன் சுவாசிக்கும் காற்றின் வரலாறு இக்கேள்விக்கு விடை கூறுகிறது.

ஜவுளி வணிகர் கண்ட கணக்கு

பதினேழாம் நூற்றாண்டில் லண்டன் நகர மக்கள் குளிர்காயவும் சமைக்கவும் தொழில் செய்யவும் நிலக்கரியையே எரித்தனர். 1661-ஆம் ஆண்டில் ஜான் ஈவ்லின் என்ற அறிஞர், நகரைச் சூழ்ந்த புகையைக் கண்டித்து நூலொன்று எழுதி மன்னர் இரண்டாம் சார்லஸிடம் அளித்தார். அவருடைய வாதம் அழகாக இருந்தது. ஆனால் சட்டம் எதுவும் பிறக்கவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, ஜான் கிராண்ட் என்ற ஜவுளி வணிகர் வேறொரு வழியில் சென்றார். கொள்ளைநோயைக் கண்காணிப்பதற்காக லண்டன் தேவாலயங்கள் வாரந்தோறும் அடக்கக் கணக்கை வெளியிட்டு வந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, இறந்தவர் எந்த நோயால் இறந்தார் என விசாரித்துச் சொல்வதற்கென்றே மூதாட்டிகள் நியமிக்கப்பட்டிருந்தனர். எழுத்தறிவற்ற அப்பெண்கள் சொன்ன செய்திகளே அப்பட்டியலுக்கு அடிப்படை. கிராண்ட் பல ஆண்டுப் பட்டியல்களைத் திரட்டிக் கூட்டிப் பார்த்தார். நகரில் பிறப்பைவிட இறப்பு மிகுந்திருப்பதையும், நாட்டுப்புறத்தில் அது தலைகீழாக இருப்பதையும் கண்டார். அதற்கான காரணங்களுள் நிலக்கரிப் புகையையும் ஒன்றாகக் கருதினார். இன்று மக்கள்தொகைப் புள்ளியியல் என்று வழங்கும் துறைக்கு அவருடைய நூலே முன்னோடி. அத்துறையின் வேர் அடக்கப் பதிவேட்டில் இருந்தது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஐந்து நாள் இருள்

ஏறத்தாழ 290 ஆண்டுகள் கழிந்தன. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரைக் கரும்பனி மூடியது. குளிர்ந்த காற்று தரையோடு தங்க, அதன்மேல் வெப்பமான காற்று ஒரு மூடியைப் போல் அமைந்துவிட்டது. வீடுகளும் மின்நிலையங்களும் உமிழ்ந்த நிலக்கரிப் புகை மேலெழ வழியின்றி நகரிலேயே தேங்கிற்று. பனிக்குப் பழகியிருந்த மக்கள் அதனைப் பேரிடராகவே கருதவில்லை. வாரந்தோறும் வரும் இறப்புக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோதுதான், வழக்கத்தைவிடச் சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்திருப்பது வெளிப்பட்டது. மாண்டவர்களுள் பலர் முதியோரும் குழந்தைகளும், ஏற்கனவே நுரையீரல் நோயுற்றிருந்தவர்களும் ஆவர்.

அடுத்து வந்த மாதங்களில் நேர்ந்த மிகுதியான இறப்புகளுக்கு இன்ஃபுளுவன்சாக் காய்ச்சலே காரணம் என்று அரசு கூறியது. ஆனால் 2001-இல் ஆய்வாளர்கள் அப்பழைய கணக்குகளை மீண்டும் ஆராய்ந்து, மொத்த இறப்பு 12,000 அளவில் இருந்திருக்கும் என மதிப்பிட்டனர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் உண்மையை உரைக்க அந்த ஏடுகளால் முடிந்தது. 1956-இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. ஈவ்லினின் சொல்லால் ஆகாததை எண்கள் ஆக்கின.

போபாலின் பாடம்

நம் நாட்டில் காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. ஆயினும் 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு, போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த ஏழை மக்களின் கண்களையும் நுரையீரல்களையும் எரித்தது. குவியல் குவியலாக வந்த உடல்கள் கூட்டாக அடக்கமும் தகனமும் செய்யப்பட்டன. பெயர் எழுத நேரமில்லை, எழுதுவோரும் இல்லை.

அதன் விளைவு யாது? 1989-இல் 47 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு ஏற்பட்டபோது, மரணங்கள் சுமார் 3,000 என்றே கொள்ளப்பட்டது. பின்னர் இழப்பீடு வழங்கப்பட்ட மரணங்களின் எண்ணிக்கை 5,295 ஆயிற்று. உண்மையான தொகை இதனினும் பன்மடங்கு என்பது பாதிக்கப்பட்டோரின் கூற்று. கூடுதல் இழப்பீடு கோரி 2010-இல் மத்திய அரசு தொடுத்த மனுவை 2023 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உரிய காலத்தில் எண்ணப்படாதவர்களைப் பின்னர் எண்ணுவது எத்துணை அரிது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

மணலியும் எண்ணூரும்

நமது மாநிலத்தில் வடசென்னையின் மணலி, எண்ணூர்ப் பகுதி நெடுங்காலமாகப் புகையைச் சுமந்து வருகிறது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-இலும், எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இலும் இயங்கத் தொடங்கின. பின்னது 2017-இல் மூடப்பட்டது. உர ஆலையும் இரசாயன ஆலைகளும் வேறு அனல்மின் நிலையங்களும் அங்கே நெருங்கி நின்றன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, 100-க்கு 70-ஐத் தாண்டியவை மிகக் கடுமையாக மாசடைந்தவை எனப்பட்டன. மணலி பெற்ற மதிப்பு 76.32, கடலூர் 77.45, வேலூர் 81.79, கோவை 72.38. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்க் கடலோரத்தில் உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, 50-க்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

இத்தகைய கசிவு ஓரிரவில் செய்தியாகிவிடுகிறது. நாள்தோறும் உட்செல்லும் நுண்துகளோ செய்தியாவதில்லை. தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கே உள்ள 2.5 மைக்ரான் துகள்கள் மூக்கில் தடைபடாமல் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று, இரத்தத்திலும் கலக்கின்றன. ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் அவை 40 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது 2009-இல் இந்தியா வகுத்த வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்ததோ வெறும் 5.

நமது மாவட்டத்திற்கு என்ன?

"புதுக்கோட்டையில் ஏது இத்தனை ஆலைகள்? நம் காற்று நல்ல காற்றாயிற்றே!" என்று அன்பர்கள் வினவக்கூடும். நம் ஊர்க் காற்று நல்லதாகவே இருக்கலாம். ஆனால் நம் மக்கள் அதனை மட்டுமா சுவாசித்தார்கள்? பிழைப்புத் தேடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்று, இருபது முப்பது ஆண்டுகள் உழைத்து, இருமலோடு ஊர் திரும்பியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் உழைத்த நகரத்தின் கணக்கில் அவர்களது மரணம் சேர்வதில்லை. நம் கணக்கிலோ நோயின் பெயரே இல்லை. இரண்டு ஏடுகளுக்கும் இடையில் அவர்கள் தொலைந்து போகிறார்கள்.

உள்ளூரிலும் கவலைக்கு இடமுண்டு. குளத்தூர், திருமயம் வட்டாரங்களில் கல்குவாரிகளும் கல் அரவை ஆலைகளும் இயங்குகின்றன. கல்லை உடைக்கும்போது எழும் சிலிக்காத் துகள் நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். இதுவே சிலிக்கோசிஸ் நோய். இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தூசியிலிருந்து காத்துக்கொள்வது ஒன்றே வழி. காசநோயைப் போலவே தோன்றுவதால் பலருக்கு இது காசம் என்றே மருத்துவம் செய்யப்படுகிறது. இந்நோய் கண்டவருக்குக் காசம் பற்றும் அபாயமும் மிகுதி. சட்டப்படி இது மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்திலும் இது இடம்பெற்றுள்ளது. ஆனால் எங்கே, எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதற்குச் சான்று வேண்டும். தினக்கூலிக்குச் சென்றவரிடம் சான்று ஏது?

ஜமாஅத்தார் செய்யக்கூடியது

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மவ்த்துப் பதிவேட்டில் தொழில், உழைத்த ஊரும் ஆண்டுகளும், மருத்துவர் சொன்ன நோய் என மூன்று கட்டங்கள் கூடுதலாக வரைந்தால் போதும். துக்க வீட்டில் உடனே வினவாமல், சில நாட்கள் கழித்து உறவினர் ஒருவரிடம் கனிவாகக் கேட்டு எழுதலாம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. எழுதியதை ஊர்ப்பேச்சு ஆக்காமல் அமானிதமாகக் காக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் கூலிச் சீட்டு, எக்ஸ்ரே, மருத்துவச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துமாறு அறிவுறுத்தலாம். தூசியில் வேலை செய்து நாட்பட்ட இருமலால் வருந்துவோர், தம் தொழிலை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

பத்தாண்டுகளுக்குப் பின் நம் பிள்ளைகளுள் ஒருவர் அந்த ஏட்டைத் திறந்து, ஒரே தொழில் செய்தவர்கள் ஒரே நோயால் ஐம்பது வயதுக்குள் மறைந்திருப்பதைக் காணக்கூடும். அன்று அதிகாரிகளிடம் சென்று நிற்கும்போது அவர் கையில் வெறும் முறையீடு மட்டும் இராது. பெயரும் நாளும் தொழிலும் எழுதிய ஏடு ஒன்று இருக்கும். எழுத்தறியா லண்டன் மூதாட்டிகள் 350 ஆண்டுகளுக்கு முன்பே தம் நகரத்துக்குச் செய்த பணி இது. நம் மஹல்லாவுக்கு நாம் செய்ய இயலாதா?