உணவு விடுதிகளில் சிறார் உழைப்பு

பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த சீமைகளில் பள்ளி வயதுச் சிறுவர்கள் காப்பிக் கிளப்பு, டீக்கடை, பரோட்டாக் கடை முதலியவற்றில் இலை எடுத்தும் மேசை துடைத்தும் ஜீவித்துவந்த முறை. தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876–78) முந்திய சத்திரத்து எடுபிடிகளைப் பற்றிய செய்தி அருகியே காணப்படும்.

முன்பணம் பெற்றுப் பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதை 1933-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாததாக்கிற்று. 1958-இல் வந்த சென்னை உணவு நிறுவனச் சட்டம் 14 வயது நிரம்பாதாரை அமர்த்தலாகாதென விதித்தும் பையன்கள் மறையாமைக்குக் காரணம், கூலியைக் காட்டிலும் சோறே அவர்களை இழுத்ததுதான். மூன்று வேளைச் சாப்பாடு, கடையிலேயே படுக்கை, தகப்பன் கையில் சிறிது பணம் என்ற இவ்வேற்பாடு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இன்ஸ்பெக்டர் கேட்டால் ‘சொந்தக்காரப் பையன்’ என்ற விடை போதும். விடியுமுன் பாய்லருக்குக் கரி போட்டு, கண்ணாடித் தம்ளர்கள் செருகிய கம்பித் தூக்கை ஒரு சொட்டும் சிந்தாமல் தறிக்கூடத்துக்குக் கொண்டுசென்று, திரும்பி வந்து வெங்காயம் உரித்து, எச்சில் இலை எடுத்து, இரவு தரை கழுவி முடிக்கும்வரை அவன் பகல் நீளும். அந்தச் சிந்தாத நடையைக் கற்றவனே பின்னாளில் சப்ளையராகவும் சரக்கு மாஸ்டராகவும் உயர்ந்தான் எனக் கடைக்காரர்கள் பெருமை பேசுவதுண்டு. உயராதோரைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

கடைச் சோற்றின் இவ்வீர்ப்புக்கு எதிர்நின்றது பள்ளிச் சோறு. தந்தையை இழந்து, படிப்பை விட்டு, விருதுநகரில் தாய்மாமன் துணிக்கடையில் நின்ற காமராஜர் முதலமைச்சராயிருக்கையில் மதிய உணவுத் திட்டம் பிறந்தது. 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிற்று என்பர் பலர், முந்திய ஆண்டைக் குறிப்போரும் உளர். 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு அதனை விரித்தது.

1986-ஆம் ஆண்டு மத்திய சட்டம் ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் சிறாரைத் தடுத்தது. நிலையத்துக்கு வெளியே இருந்த டீக்கடையை விட்டுவிட்டது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகள்மேல் உலகத்தின் பார்வை குவிந்திருந்ததால் அண்டை ஊர்க் கிளப்புகள் எவர் கண்ணிலும் படவில்லை போலும். தாபா, உணவகம், டீக்கடை ஆகியன தடைப்பட்டியலில் சேர்ந்தது 2006 அக்டோபர் 10 முதலே. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துவதைத் தடுத்தது. எனினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்களித்தது. பழைய ‘சொந்தக்காரப் பையன்’ விடைக்கே இது இடங்கொடுக்கிறதென்பது ஒரு சாரார் அபிப்பிராயம்; மறுசாரார் ஏற்பதில்லை.

பள்ளிச் சோற்றின் தொடர்ச்சியாக 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிற்று. அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது.