மும்பைக் கல்லூரி நூலகங்களும் மின்வளங்களும்: அனுமதியிலிருந்து பயன்பாடு வரை

1. முன்னுரை

கல்லூரி நூலகத்தின் தரத்தை அலமாரியில் உள்ள நூல்களின் எண்ணிக்கையால் அளந்த காலம் ஒன்று இருந்தது. இன்று ஆண்டறிக்கைகள் மின்னிதழ்கள் எத்தனை, மின்னூல்கள் எத்தனை என்று கணக்குக் காட்டுகின்றன. இரண்டு கணக்குகளும் நூலகத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும்; யார் எதைப் படித்தார்கள் என்பதைச் சொல்லமாட்டா.

மும்பையில் தமிழர் செறிந்து வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகியவற்றையும் அவற்றை ஒட்டிய சயான், தேவ்னார் ஆகியவற்றையும் களமாகக் கொண்ட இக்கட்டுரை, மாணவரும் ஆசிரியரும் மின்வளங்களைப் பயன்படுத்துவதில் கல்லூரி நூலகம் ஆற்றவேண்டிய பணியை ஆராய்கிறது. மின்வளம் கிடைப்பதில் இருந்த ஏற்றத்தாழ்வு கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஓரளவு குறைந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் உள்ள ஏற்றத்தாழ்வு அந்த அளவுக்குக் குறையவில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அந்த இடைவெளியை மேலும் சந்தா கட்டி நிரப்ப முடியாது. அதற்கு ஆளும் இடமும் நேரமும் வேண்டும்.

2. களம்

சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இத்தனை பழைய கல்வி நிறுவனங்கள் அமைந்த பகுதி மும்பையில் அரிது. 1887இல் பைகுல்லாவில் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. பொறியியல் நிறுவனம் 1923இல் மாட்டுங்காவுக்கு வந்தது. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையாக உருவானதுதான் இன்றைய ஐ.சி.டி. நிறுவனம். ரூயா கல்லூரியும் கால்சா கல்லூரியும் 1937இலும், போதார் வணிகவியல் கல்லூரி 1941இலும் எழுந்தன. 1932இல் மாட்டுங்காவில் வாழ்ந்த தென்னிந்தியர்கள் உருவாக்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1960இல் சயானில் கல்லூரி திறந்தது. 1936இல் தோன்றிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1954இல் தேவ்னார் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. செம்பூரில் 1962 முதல் விவேகானந்தர் கல்விச் சங்கம் இயங்குகிறது.

இக்கல்லூரிகளில் சேரும் தமிழ் மாணவர்கள் ஒரே வகையினர் அல்லர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாகப் பட்டம் பெற்ற குடும்பங்கள் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் கூலி வேலைக்கும் வந்து தாராவியில் தங்கிய குடும்பங்களில் கல்லூரிப் படியேறும் முதல் ஆளாக இந்த மாணவரே இருப்பதுண்டு. ஒரே வகுப்பில் அமரும் இவ்விருவர் கையிலும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்தால் இருவருக்கும் ஒரே நூலகம் கிடைத்துவிடாது.

3. மின்வளக் கட்டமைப்பு

3.1 கூட்டுச் சந்தா

ஒரு கல்லூரி தனித்து வாங்க முடியாத ஆய்விதழ்களைப் பல நிறுவனங்கள் சேர்ந்து வாங்குவதே கூட்டுச் சந்தா முறை. பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் 1991இல் நூலகங்களை இணைக்கும் திட்டமாகத் தொடங்கிய இன்ஃப்லிப்நெட் மையம் 1996இல் தன்னாட்சி பெற்றது. கல்லூரிகளுக்கென அது உருவாக்கிய என்-லிஸ்ட் சேவை 2010 மே 4 அன்று தொடங்கியது. ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களும் இலட்சக்கணக்கான மின்னூல்களும் ஒரு சிறிய ஆண்டுக் கட்டணத்தில் கல்லூரிகளுக்குக் கிடைக்க அது வழிசெய்தது. வளாகத்துக்கு வெளியே, வீட்டிலிருந்தும் நுழையலாம் என்பது அதன் பெரிய வசதி. 2015 இறுதியில் என்-லிஸ்ட் உள்ளிட்ட மூன்று மின்வளக் கூட்டமைப்புகள் இணைந்து இ-சோத்சிந்து என்ற ஒரே கூட்டமைப்பு ஆயின.

3.2 ஒரே நாடு ஒரே சந்தா

2024 நவம்பர் 25 அன்று மைய அமைச்சரவை ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குத் திறந்துவிடுவது திட்டம். ஆனால் முதல் கட்டம் மைய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்கானது. மாட்டுங்கா, சயான், செம்பூர்க் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றைச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் நடத்துகின்றன. எனவே தெருவுக்கு இந்தப் பக்கம் படிக்கும் மாணவருக்குத் திறக்கும் இதழ், அந்தப் பக்கம் படிப்பவருக்குத் திறக்காமல் போகலாம். அத்தகைய கல்லூரிகளில் என்-லிஸ்ட்டை முழுமையாகப் பயன்படுத்துவதும், சந்தா இல்லாமலே கிடைக்கும் திறந்தநிலை வளங்களைத் தொகுத்துக் காட்டுவதும் நூலகரின் முதன்மைப் பணிகளாகின்றன.

4. மாணவர் தேவைகள்

4.1 இடமும் கருவியும்

தாராவியின் வீடு பெரும்பாலும் ஓர் அறை. சமையல், படுக்கை, சில வேளை தையல் எந்திரம் எல்லாம் அதற்குள்தான். பரீட்சை நெருங்கினால் மாணவர் தேடிப்போவது 'அப்யாசிகா' என்று மராத்தியில் வழங்கும் படிப்பகங்களை. அச்சு நூலை வீட்டு வாசற்படியிலும் படிக்கலாம். மின்வளத்துக்கு இணைப்பு, மின்சாரம், திரை மூன்றும் வேண்டும்.

மாணவரிடம் இருக்கும் திரை பெரும்பாலும் கைப்பேசிதான். ஆய்விதழ்க் கட்டுரை இரண்டு பத்திகளாக அச்சிடப்பட்ட பக்கத்தின் படமாக வரும். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போகும். இடது பத்தியை அடிவரை இழுத்து, மீண்டும் மேலேறி வலது பத்தியைப் பிடிக்கவேண்டும். நடுவே அட்டவணை வந்தால் தலைப்பு ஒரு திரையில், எண்கள் இன்னொரு திரையில். இருபது பக்கக் கட்டுரையை இப்படிப் படிப்பவர் மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டால் அது சோம்பல் ஆகாது. நூலகத்தில் ஒரு கணினி, குறைந்த கட்டணத்தில் அச்செடுக்கும் வசதி, மாலை வகுப்புக்குப் பின்னும் திறந்திருக்கும் நேரம் ஆகிய மூன்றும் மின்வளச் சேவையின் பகுதிகளே.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டன; ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கோவிட் தொற்று உறுதியானது. நூலகக் கதவு அடைபட்டபோது மின்வளம் திறந்தேதான் இருந்தது. வீட்டில் தனி அறையும் மடிக்கணினியும் உள்ளவருக்கு அதனால் படிப்பு தொடர்ந்தது. மற்றவருக்கு நூலகத்தின் நாற்காலி எத்தனை பெரிய வளம் என்பது அப்போது வெளிப்பட்டது.

4.2 நுழைவு

என்-லிஸ்ட்டில் கல்லூரியின் பொறுப்பாளர் பயனர் பட்டியலைப் பதிவேற்றுவார்; கடவுச்சொல் மாணவரின் மின்னஞ்சலுக்குப் போகும். சேர்க்கைப் படிவத்தை நெட் கடையில் நிரப்பும் குடும்பங்களில் அண்ணனுடைய மின்னஞ்சலோ கடைக்காரர் அப்போதே உருவாக்கிக் கொடுத்த மின்னஞ்சலோ படிவத்தில் ஏறிவிடுவதுண்டு. கடவுச்சொல் அங்கே போய்ச் சேரும், மாணவருக்குத் தெரியாது. பதிவேட்டில் அவர் பயனர். நடைமுறையில் அவர் ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லை. கல்வியாண்டின் முதல் மாதத்தில் வகுப்பு வகுப்பாக நூலகத்துக்கு அழைத்து, ஒவ்வொருவரும் தம் கையால் ஒருமுறை நுழைந்து ஒரு கட்டுரையைத் திறந்து பார்க்கச் செய்தால் இந்தத் தடை நீங்கும்.

4.3 தேடல்

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. மின்தேடலில் இவ்விதி முன்னைவிடக் கூர்மை பெறுகிறது.

தாராவியின் தோல் தொழிலில் தமிழர் பங்கு பற்றி ஒரு சமூகவியல் மாணவி எழுதவேண்டும் என்று கொள்வோம். ஆங்கிலத்தில் 'தாராவி' என்று மட்டும் தட்டினால் குடிசை மறுசீரமைப்பு பற்றிய கட்டுரைகளே குவியும். தோல், பதனிடுதல், புலம்பெயர்வு, திருநெல்வேலி ஆகிய சொற்களைச் சேர்த்தால் குவியல் சுருங்கும். நகரத்தின் பெயர் 1995இல் மாறியது. அதற்கு முந்தைய எழுத்துகளில் 'பம்பாய்' என்றே இருக்கும். எனவே இரு பெயர்களிலும் தேடவேண்டும். பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்துள்ள சோத்கங்காவில் தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பு சில இடங்களில் தமிழ் எழுத்திலும் சில இடங்களில் ரோமன் எழுத்திலும் பதிவாகியிருக்கும். இரண்டையும் முயலாதவர் 'ஒன்றும் இல்லை' என்று திரும்பிவிடுவார். நூலகர் பத்து நிமிடம் அருகில் அமர்ந்து காட்டினால் மாணவிக்குப் பல நாள் மிச்சமாகும். இல்லாத கட்டுரைகளுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மேற்கோள் கொடுத்துவிடும் இக்காலத்தில், மேற்கோளைச் சரிபார்க்கும் பழக்கமும் இப்பயிற்சியில் அடங்கவேண்டும்.

5. ஆசிரியர் தேவைகள்

ஆசிரியருக்கு நூலகம் மூன்று வகையில் துணையாகிறது. முதலாவது, எழுத்துத் திருட்டுத் தடுப்பு. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை என்றும், அதற்கு மேல் 40, 60 என்று படிநிலைகளையும் வகுத்தன. மென்பொருள் தரும் விழுக்காடு தீர்ப்பு ஆகாது. மேற்கோளும் நூற்பட்டியலும் ஒப்புமையாக எண்ணப்பட்டிருக்கலாம். அறிக்கையை வாசித்து விளக்குவது நூலகரின் வேலை.

இரண்டாவது, இதழ்த் தேர்வு. பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்களைத் தவிர்க்க மானியக் குழு பராமரித்துவந்த 'கேர்' பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. எந்த இதழ் நம்பத்தக்கது என்று முடிவுசெய்யும் சுமை இப்போது நிறுவனங்களின்மேல் விழுந்திருக்கிறது. ஆசிரியர் குழு, மதிப்பாய்வு முறை, கட்டண விவரம் ஆகியவற்றைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆள் கல்லூரியில் நூலகரைத் தவிர வேறு யார்?

மூன்றாவது, பதிப்புரிமை. பாடத்துக்கான பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்துக் கொடுப்பது குறித்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2016இல் கல்விப் பயன்பாட்டுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அதே வேளை, சந்தா வளத்தைக் கட்டுக்கட்டாக இறக்கிப் பொதுக் குழுக்களில் பகிர்ந்தால் கல்லூரியின் இணைப்பே துண்டிக்கப்படலாம். எது செய்யலாம், எது கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டினாலே பாதிக் குழப்பம் தீரும்.

6. தமிழ் மின்வளங்கள்

மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்துவிட்டு ஆங்கிலவழிக் கல்லூரிக்கு வரும் மாணவருக்குப் பாடத்தைவிடப் பாடத்தின் மொழியே முதல் மலை. 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கருத்தைத் தமிழில் படித்துத் தெளிந்துவிட்டு ஆங்கிலப் பாடநூலுக்குப் போனால் புரிதல் எளிதாகும். அக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் 2017இல் திறக்கப்பட்டது. 1998இல் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னெடுத்த மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகத் திட்டமும் தன்னார்வலர் உழைப்பில் வளர்ந்தவை. இவை எவற்றுக்கும் சந்தா கிடையாது. கல்லூரி நூலகத்தின் இணையப் பக்கத்தில் இணைப்புக் கொடுக்கச் செலவும் இல்லை.

இங்கே ஒரு தொழில்நுட்பக் குறையும் உண்டு. பழைய தமிழ் நூல்கள் பலவும் பக்கங்களின் படங்களாகவே ஏற்றப்பட்டுள்ளன. படத்துக்குள் சொல் தேட முடியாது. திரைவாசிப்பான் மென்பொருளாலும் அதைப் படித்துக் காட்ட முடியாது. பார்வையற்ற மாணவருக்கு அந்த நூல் இல்லாததற்குச் சமம். மும்பை தூய சேவியர் கல்லூரியில் 2003 முதல் பார்வையற்றோருக்கான வள மையம் இயங்குகிறது. நூல்களை அணுகத்தக்க வடிவத்துக்கு மாற்ற 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் இடம் தருகிறது. இதே நோக்கமுள்ள பன்னாட்டு மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே. சட்டம் இருக்கிறது, தமிழ் நூல்களின் பக்கப் படங்களை எழுத்து வடிவத்துக்கு மாற்றும் பணிதான் பின்தங்கியிருக்கிறது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் பரிந்துரைகள் பெறப்படுகின்றன:

• ஒவ்வொரு மாணவரின் முதல் நுழைவும் நூலகத்தில், நூலகர் முன்னிலையில் நடக்கவேண்டும்.
• தேடல் பயிற்சி துறைவாரியாக, அந்தப் பருவத்தின் உண்மையான பணித்தாளை வைத்துக் கற்பிக்கப்படவேண்டும்.
• பரீட்சைக் காலத்திலாவது நூலகம் இரவு வரை திறந்திருக்கவேண்டும்; கணினியும் அச்செடுக்கும் வசதியும் அந்த நேரத்திலும் இயங்கவேண்டும்.
• தமிழ் மின்வளங்களுக்கான தனிப் பக்கம் கல்லூரி இணையதளத்தில் வேண்டும்.
• ஒரே நாடு ஒரே சந்தாவின் அடுத்த கட்டத்தில் சங்கங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும், அரசு உதவிபெறும் கல்லூரிகள் சேர்க்கப்படவேண்டும்.
• தர மதிப்பீட்டு அறிக்கைகளில் இதழ்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே ஆண்டில் ஒருமுறையேனும் நுழைந்த மாணவர்களின் எண்ணிக்கையும் இடம்பெறவேண்டும்.

இவற்றுள் கடைசிப் பரிந்துரையே மற்றவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரும். நுழையாதவர் எத்தனை பேர் என்று கேட்கத் தொடங்கும் கல்லூரி, அவர்கள் ஏன் நுழையவில்லை என்பதையும் கேட்டாகவேண்டும். பயன்படாத மின்வளத்துக்குக் கட்டும் சந்தா கல்விச் செலவு ஆகாது. கணக்குச் செலவு மட்டுமே.