வீட்டு ஈரப்பத நீக்கம்

வீட்டு ஈரப்பத நீக்கம் என்பது குடியிருப்பின் உட்காற்றில் மிகுந்துள்ள நீராவியைக் குறைத்து, சுவரில் ஓதமும் பூஞ்சையும் தோன்றாமல் தடுக்கும் முறைகளின் தொகுப்பு. ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழும், இயன்றால் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டுமென அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பரிந்துரைக்கிறது.

காரணங்கள்: சமையல், குளியல், வீட்டினுள் துணி உலர்த்தல், குழாய்க் கசிவு, அடித்தளத்திலிருந்து நுண்புழை ஏற்றத்தால் சுவரில் ஏறும் நிலத்தடி நீர்.

முறைகள்: 1. தோற்றுவாயை அடைத்தல்: கசிவைச் சரிசெய்தல், அடித்தள மட்டத்தில் ஈரத்தடுப்புப் படலம் இடுதல். 2. காற்றோட்டம்: குறுக்குச் சன்னல்கள், எக்ஸாஸ்ட் விசிறி. வெளிக்காற்றில் நீராவி மிகுந்த மழைக்காலத்தில் இது அதிகம் பயன் தராது. 3. குளிர்விப்பு: ஈரநீக்கியும் ஏசியும் காற்றைப் பனிநிலைக்கு (நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) கீழே குளிர்வித்து நீராவியை நீராக வடிக்கின்றன. குளிர் மிகுந்த அறைகளில் இவ்வகை ஈரநீக்கியின் திறன் குறையும். 4. உறிஞ்சிகள்: சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம், கால்சியம் குளோரைடு ஈரத்தை ஈர்த்துக் கரைந்துவிடும். இவை அலமாரி போன்ற சிறிய, மூடிய இடங்களுக்கே ஏற்றவை.

வரலாறு: 1783இல் ஒராசு பெனடிக்ட் டி சொசூர் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் முடி ஈரமானியை விவரித்தார். 1902இல் வில்லிசு கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக ஈரப்பதக் கட்டுப்பாட்டு அமைப்பை வடிவமைத்தார். இதுவே தற்காலக் காற்றுப் பதனத்தின் (ஏசி) தொடக்கமாகக் கருதப்படுகிறது.

முக்கியத்துவம்: ஈரத்தில் பெருகும் தூசி உண்ணியும் பூஞ்சையும் ஆஸ்துமா, ஒவ்வாமை ஆகியவற்றைத் தூண்டுவதால், ஈரப்பத நீக்கம் உடல்நலத்துக்கும் கட்டடத்தின் ஆயுளுக்கும் அடிப்படையானது.