திரும்பி வராத அழைப்பு: எக்ஸெக் சிஸ்டம் காலின் எல்லைகளும் அவற்றைச் சோதித்த வரலாறும்

சி மொழியில் ஒரு ஃபங்ஷனை அழைத்தால், அது தன் வேலையை முடித்துவிட்டு அழைத்த இடத்துக்கே திரும்பும். எக்ஸெக் குடும்பத்து அழைப்புகள் இந்த வழக்கத்துக்குக் கட்டுப்படாதவை. எக்ஸெக்-வி-ஈ வெற்றி பெற்றால் அழைத்த புரோகிராமே நினைவகத்தில் இருக்காது. அந்த இடத்தில் வேறொரு புரோகிராம் ஓடத் தொடங்கியிருக்கும். புராசஸ் எண் மட்டும் பழையதே. அடுத்த வரி ஓடுகிறது என்றாலே அழைப்பு தோற்றுவிட்டது என்று பொருள். ஆகவே இதைச் சோதிக்க உட்காருகிறவருக்கு முதல் கேள்வியே சிக்கலாகிவிடுகிறது: வெற்றி பெற்ற செய்தியை யார் வந்து சொல்வது?

இந்த அழைப்பின் கையேட்டுப் பக்கத்தில் பிழை எண்கள் வரிசையாக நிற்கின்றன. ஆர்குமென்ட் பட்டியல் நீளம், கோப்பு வேறொருவர் கையில் எழுதுவதற்காகத் திறந்திருக்கிறது, கோப்பின் வடிவம் புரியவில்லை என்று பட்டியல் நீள்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விதிகளாக இவை தோன்றலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் எடுத்த முடிவு அப்படியே படிந்து நின்றதுதான். கையேட்டில் எழுதப்படாத எல்லையைக்கூட எங்கோ ஒரு புரோகிராம் நம்பிக்கொண்டிருக்கிறது. எல்லையைத் தொடும்போதுதான் அது வெளியே தெரிகிறது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

தொடக்கத்தில் எக்ஸெக் என்ற சிஸ்டம் காலே கிடையாது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் பி.டி.பி.-7 கணினியில் யூனிக்ஸை எழுதியபோது, புரோகிராமை ஏற்றி ஓட்டும் வேலையை ஷெல்லே செய்தது. கட்டளைக் கோப்பைத் திறந்து, ஒரு சின்ன ஏற்றி நிரலை நினைவகத்தின் உச்சியில் நகலெடுத்து வைத்து, அதற்குத் தாவும். அந்த ஏற்றி, கட்டளைக் கோப்பை ஷெல்லின் மேலேயே படித்து நிரப்பிவிட்டு அதன் முதல் இடத்துக்குத் தாவும். கட்டளை முடிந்ததும் சிஸ்டம் புதிய ஷெல் ஒன்றைக் கொண்டுவந்து மறுபடி ஏற்றும். ஷெல் தன்னையே அழித்துக்கொண்டு வேலை கொடுத்த காலம் அது.

பிறகு, ஓடும் புராசஸை நகலெடுத்துக் குழந்தை புராசஸ் ஒன்றை உருவாக்கும் ஃபோர்க் வந்தது. அதற்குத் தேவைப்பட்டது 27 வரி அசெம்ப்ளி மட்டுமே என்று ரிட்சி பின்னாளில் எழுதியிருக்கிறார். வந்ததும் ஒரு வேடிக்கையான கோளாறு தலைகாட்டியது. அதுவரை ஒழுங்காக வேலை செய்த, டைரக்டரியை மாற்றும் கட்டளை, திடீரென்று எதையும் மாற்றவில்லை. காரணம் எளிது. கட்டளை இப்போது குழந்தை புராசஸில் ஓடியது. அது தன் டைரக்டரியை மாற்றிக்கொண்டு செத்துப்போனது. பெற்றோரான ஷெல் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்றும் அந்தக் கட்டளை ஷெல்லுக்குள்ளேயே குடியிருப்பதன் காரணம் இதுதான். புரோகிராம் ஓட்டும் முறையின் முதல் எட்ஜ் கேஸ் என்று இதையே சொல்வேன். யாரும் சோதித்துக் கண்டதல்ல, தட்டுத்தடுமாறிக் கண்டது. 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டுக்குள் எக்ஸெக் முறையான சிஸ்டம் காலாக இடம்பிடித்துவிட்டது.

அடுத்து வந்தது அளவின் எல்லை. ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் எல்லா ஆர்குமென்ட்களும் சேர்ந்து 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். 1979இல் வெளியான ஏழாம் பதிப்பு இதை 5120 ஆக உயர்த்தியது. சூழல் மாறிகள் எக்ஸெக் வழியாகப் புதிய புரோகிராமுக்குப் போய்ச் சேரத் தொடங்கியதும் அந்தப் பதிப்பில்தான். லினக்ஸ் நெடுநாள் 32 பக்கம், அதாவது 1,31,072 பைட் என்று வைத்திருந்தது. பெரிய டைரக்டரியில் நட்சத்திரக் குறி போட்டு எல்லாக் கோப்பையும் ஒரே கட்டளைக்குக் கொடுத்து, 'ஆர்குமென்ட் பட்டியல் மிக நீளம்' என்ற பதிலை வாங்காத யூனிக்ஸ் பயனர் அந்நாளில் குறைவு. 2007இல் வந்த 2.6.23 கெர்னல், மொத்த அளவை ஸ்டாக் வரம்பின் கால் பங்காக மாற்றியது. வழக்கமான 8 எம்.பி. ஸ்டாக்குக்கு 2 எம்.பி. கிடைக்கும். பழைய 1,31,072 மறையவில்லை. தனி ஸ்ட்ரிங் ஒன்றின் உச்சவரம்பாக ஒதுங்கிக்கொண்டது.

இங்கே நுணுக்கமாகப் பார்த்தால் எல்லை ஓர் எழுத்தில் நிற்கிறது. 4 கே.பி. பக்க அளவுள்ள கணினியில் 1,31,071 எழுத்து கொண்ட ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் போகும். ஒன்று கூட்டினால் மறுக்கும். முடிவில் நிற்கும் நல் எழுத்தும் கணக்கில் வருகிறது. எக்கோவுக்கு இவ்வளவு நீளமான சொல்லைக் கொடுத்துப் பார்க்கிறவர்கள், ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் எக்கோ தடையில்லாமல் அச்சிடுவதையும், 'பின்' டைரக்டரியில் தனிக்கோப்பாக இருக்கும் எக்கோ மறுப்பதையும் கண்டு திகைப்பார்கள். முன்னது எக்ஸெக்கைத் தொடுவதே இல்லை. எல்லை புரோகிராமில் இல்லை, அதை ஓட்டும் வாசலில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது.

அந்தக் கணக்கிலும் ஓட்டை இருந்தது. ஸ்ட்ரிங்குகளின் பைட்டுகளை எண்ணிய கெர்னல், அவற்றைச் சுட்டும் பாயின்டர்களை எண்ணவில்லை. காலி ஸ்ட்ரிங் ஒன்றுக்கு ஒரே பைட்; ஆனால் 64 பிட் கணினியில் அதன் பாயின்டருக்கு எட்டு பைட். இலட்சக்கணக்கில் காலி ஸ்ட்ரிங்குகளை அனுப்பினால் வரம்பை மீறாமலே ஸ்டாக்கை நிரப்பலாம். குவாலிஸ் நிறுவனத்தின் ஸ்டாக் கிளாஷ் ஆய்வு 2017இல் வெளிவந்தபோது இதுவும் வெளிச்சத்துக்கு வந்து, பாயின்டர்களும் கணக்கில் சேர்ந்தன.

ஸ்கிரிப்டுகளின் முதல் வரி வேறொரு கதை. ஹேஷ் குறியும் ஆச்சரியக்குறியும் சேர்ந்து தொடங்கும் அந்த வரியை (இதை ஷெபாங் என்கிறோம்) கெர்னலே புரிந்துகொள்ளும் என்று 1980 ஜனவரி 10 அன்று ரிட்சி அறிவித்தார். பெர்க்லி யூனிக்ஸ் அதை உடனே எடுத்துக்கொண்டது. அங்கே வரியின் நீளம் 32 பைட். ஏன் 32? அன்றைய இயங்கு கோப்பின் தலைப்பு 32 பைட். கெர்னல் எப்படியும் அவ்வளவைப் படித்தாக வேண்டும். படித்ததற்குள் ஷெபாங் வரியும் அடங்கட்டும் என்று விட்டார்கள். லினக்ஸில் அது 128 ஆனது. அதைத் தாண்டிய வரியை லினக்ஸ் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு மிச்சத்தை ஓட்டியது. பாதியில் வெட்டுப்பட்ட பெயரில் வேறொரு புரோகிராம் இருந்தால் அதுதான் ஓடும். இது தவறு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆகவே 2019 தொடக்கத்தில், நீண்ட வரியை மறுத்துப் பிழை எண் தரும்படி கெர்னலைத் திருத்தினார்கள். நிக்ஸ்-ஓஎஸ் பயனர்களின் பெர்ல் ஸ்கிரிப்டுகள் உடைந்தன. அங்கே ஒவ்வொரு தொகுப்பும் நீண்ட ஹேஷ் பெயர் கொண்ட டைரக்டரியில் இருக்கும். நூலகங்களின் பாதைகளையெல்லாம் அடுக்கிய ஷெபாங் வரி எளிதில் 128ஐத் தாண்டும். அதுவரை எப்படி ஓடியது? கெர்னல் வெட்டிக் கொடுத்தாலும் பெர்ல் தன் கோப்பைத் திறந்து முதல் வரியைத் தானே மறுபடி முழுசாகப் படிக்கும். கெர்னலின் பிழையும் பெர்லின் முன்ஜாக்கிரதையும் சேர்ந்து ஒரு குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தன. திருத்தம் பின்வாங்கப்பட்டது. புரோகிராமின் பாதையே வெட்டுப்பட்டால் மட்டும் மறுப்பது, பின்னால் வரும் ஆர்குமென்ட் வெட்டுப்பட்டால் பழையபடி விடுவது என்று ஏற்பாடு மாறியது. 5.1 கெர்னலில் அளவு 256 ஆனது. வரி எங்கே முடிகிறது, இடைவெளி எங்கே விழுகிறது, புதிய வரிக் குறி இருக்கிறதா என்று ஒவ்வோர் இணைப்பையும் ஒரு பைட் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கும் சோதனை ஒன்று இப்போது கெர்னலின் சொந்தச் சோதனைத் தொகுப்பில் இருக்கிறது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட் போன்ற தொகுப்புகள் வெற்றியைச் சோதிக்க இரண்டு புரோகிராம்களை எழுதுகின்றன. முதலாவது ஃபோர்க் செய்து, குழந்தையில் எக்ஸெக்கை அழைக்கிறது. இரண்டாவது, தான் ஓடத் தொடங்கியதையே சான்றாக வைத்து, தனக்கு வந்த ஆர்குமென்ட்களையும் சூழல் மாறிகளையும் சரிபார்த்து அறிக்கை தருகிறது. தோல்விச் சோதனைகள் எளிது: அழைப்பு திரும்பிவிட்டால் பிழை எண்ணைப் பார்த்தால் போதும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு, அதைத்தான் பலர் மறக்கிறார்கள். பழைய நினைவகத்தைக் கலைத்த பிறகு புதியதை ஏற்றுவதில் கெர்னல் தோற்றால், திரும்பிப் போக இடமே இல்லை. பிழை எண்ணைப் பெறுவதற்கு யாருமில்லை. கெர்னல் சிக்னல் கொடுத்து அந்தப் புராசஸைக் கொன்றுவிடும். பெற்றோர் புராசஸ் வெய்ட் அழைப்பில் கிடைக்கும் நிலையைப் பிரித்துப் பார்த்தால்தான் இது தெரியும். பிழை எண்ணை மட்டும் பார்க்கும் சோதனைக்குக் கண்ணில் படாது.

இந்த வரலாற்றிலேயே விலை அதிகம் கொடுத்து வாங்கிய எல்லை பூச்சியம். ஆர்குமென்ட் பட்டியல் முழுக்கக் காலியாக இருந்தால் என்ன ஆகும்? முதல் ஆர்குமென்ட் புரோகிராமின் பெயர் என்பது மரபு. போசிக்ஸ் தரநிலை அதைப் பரிந்துரைத்ததே தவிரக் கட்டாயமாக்கவில்லை. ஓப்பன்பிஎஸ்டி காலிப் பட்டியலை மறுத்துவந்தது, லினக்ஸ் அனுமதித்தது. 2008இலேயே மைக்கேல் கெரிஸ்க் இதை ஒரு குறையாகப் பதிவு செய்தார். திருத்த வேண்டும் என்ற ஒருமித்த கருத்து எழவில்லை.

2009 மே மாதம் பி.கே.-எக்ஸெக் என்ற புரோகிராம் எழுதப்பட்டது. சாதாரணப் பயனர் ரூட் அதிகாரத்தில் வேலை செய்ய உதவுவது; ஆகவே செட்-யு-ஐ-டி பிட் கொண்டது. ஆர்குமென்ட்களைப் படிக்கும் அதன் லூப், ஒன்று என்ற எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கியது, ஏனென்றால் பூச்சியத்தில் தன் பெயர் இருக்கும் என்ற நம்பிக்கை. ஸ்டாக்கில் ஆர்குமென்ட் பாயின்டர்கள், பிறகு ஒரு நல், உடனே அடுத்து சூழல் மாறிகளின் பாயின்டர்கள் என்று ஒட்டியே அடுக்கப்படுகின்றன. பட்டியல் காலி என்றால் பூச்சியத்தில் நல் நிற்கும். ஒன்றாம் இடத்தில் இருப்பது ஆர்குமென்ட் அல்ல, முதல் சூழல் மாறி. பி.கே.-எக்ஸெக் அதைப் புரோகிராம் பெயர் என்று எண்ணிப் படித்து, முழுப் பாதையைத் தேடி, கண்டதை அதே இடத்தில் எழுதியது. செட்-யு-ஐ-டி புரோகிராம் தொடங்கும்போது ஆபத்தான சூழல் மாறிகளை லோடர் கழித்துவிடும். கழித்ததில் ஒன்றை, பி.கே.-எக்ஸெக் இப்படி எழுதுவதன் வழியாகத் திரும்ப உள்ளே நுழைக்க முடிந்தது. அங்கிருந்து ரூட் அதிகாரம் ஒரு படி தூரம். குவாலிஸ் இதை 2022 ஜனவரி 25 அன்று வெளியிட்டபோது, அந்த ஓட்டை பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருந்துவந்திருந்தது.

லூப்பை எழுதியவரை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. சி படிக்கிற ஒவ்வொருவரும் ஆர்குமென்ட்களை ஒன்றிலிருந்துதான் எண்ணக் கற்கிறோம். குறை அழைப்பின் வாசலில் இருந்தது, அதுவும் சுட்டிக்காட்டப்பட்ட குறை.

ஏரியாட்னி கோனில், கீஸ் குக் ஆகியோர் கெர்னலில் திருத்தம் செய்ய முனைந்தார்கள். இயல்பான வழி, காலிப் பட்டியலை மறுத்துவிடுவது. நிரல்களைத் தேடிப் பார்த்தபோது அப்படி அழைப்பவை பெரும்பாலும் எட்ஜ் கேஸைச் சோதிக்கும் சோதனைகளாகவே தெரிந்தன. முயன்று பார்த்ததும் நடைமுறையில் இருந்த புரோகிராம்களும் தடுக்கி விழுந்தன. ஆகவே மறுக்காமல், காலிப் பட்டியல் வந்தால் அதில் காலி ஸ்ட்ரிங் ஒன்றைத் திணித்து, எண்ணிக்கையை ஒன்று ஆக்கிவிடுவது என்று முடிவாயிற்று. 2022 மே மாதம் வெளியான 5.18 கெர்னலில் இது இடம்பெற்றது. ஒற்றை நல் மட்டும் உள்ள பட்டியலோடு இன்று எக்ஸெக்-வி-ஈயை அழைத்தால், ஓடும் புரோகிராமுக்கு ஆர்குமென்ட் எண்ணிக்கை ஒன்று என்றே தெரியும். கெர்னல் பதிவேட்டில், நல் பட்டியலோடு இன்ன புராசஸ் இன்னதைத் தொடங்கியது, காலி ஸ்ட்ரிங் சேர்க்கப்பட்டது என்று ஒரு வரி விழும். இந்த நடத்தையை உறுதிப்படுத்தும் சோதனை லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்டிலும் சேர்ந்துவிட்டது.

2024இலும் இதே போன்ற ஒன்று நடந்தது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் கோப்பை எழுதத் திறந்தால் 'கோப்பு பயன்பாட்டில் உள்ளது' என்று மறுப்பது யூனிக்ஸின் பழைய பழக்கம். பயனற்றது என்று கருதி 6.11 கெர்னலில் அதை எடுத்துவிட்டார்கள். மோல்ட் என்ற லிங்கர், வேகத்துக்காக ஏற்கெனவே இருக்கும் இயங்கு கோப்பின் மேலேயே எழுதும். அது ஓடிக்கொண்டிருந்தால் இந்த மறுப்பு வரும், வந்ததும் புதிய கோப்பை உருவாக்கிக்கொள்ளும். மறுப்பு நின்றதும் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கள் தங்கள் கோப்பு காலடியில் மாறிப்போய்ச் செத்து விழுந்தன. மோல்டை உருவாக்கியவர் கெர்னல்காரர்களுக்கு எழுதினார். அந்த ஆண்டு நவம்பரிலேயே பழைய மறுப்பு திரும்பவும் கெர்னலுக்குள் வந்து சேர்ந்தது.