சாம்பிராணியில் பிறந்த உப்பு

சுமத்ராவின் வடபகுதி மலைக்காடுகளில் சாம்பிராணி மரத்தின் பட்டையைக் கத்தியால் கீறிவிட்டு வருவார்கள். கீறிய இடத்தில் பால்போலக் கசியும் பிசின் மாதக்கணக்கில் அங்கேயே இறுகிக் கிடக்கும். பிறகு சுரண்டி எடுப்பார்கள். சூடத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன பழைய துறைமுகம் அங்குள்ள பாரூஸ். அதை ஒட்டிய லோபு துவாவில், 1088ஆம் ஆண்டில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவ்வளவு காலமாக நமக்கும் அந்தக் கரைக்கும் போக்குவரத்து உண்டு. வெள்ளிக்கிழமை மாலையில் தணலில் தூவுகிறோமே, அந்தப் பிசினுக்குள் இருக்கும் ஒரு பொருளைத்தான் இன்று மறதி நோய்க்கு மருந்தாகுமா என்று சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாம்பிராணியைச் சட்டியில் இட்டு இளஞ்சூடு காட்டி, மேலே ஒரு காகிதக் கூம்பைக் கவிழ்த்தால், எழும் ஆவி காகிதத்தில் குளிர்ந்து வெள்ளை ஊசிகளாகப் படியும். பென்சோயிக் அமிலத்தை ஐரோப்பியர்கள் இப்படித்தான் 16ஆம் நூற்றாண்டில் பிரித்தெடுத்தார்கள். 1832இல் வோலரும் லீபிக்கும் அதன் சேர்மானத்தைக் கண்டறிந்தார்கள். 1875இல் சல்கோவ்ஸ்கி அது பூஞ்சையைத் தடுப்பதைக் கண்டார். இந்த அமிலம் குளிர்ந்த நீரில் லேசில் கரையாது. அதன் சோடியம் உப்பு நன்றாகக் கரையும். அந்த உப்புதான் பாட்டில் லேபிளில் 211 என்ற எண்ணோடு வரும் சோடியம் பென்சோயேட்.

வீட்டில் திராட்சை ஸ்குவாஷ் போடுகிறவர்களுக்கு இது பழகிய பொடி. மெட்டாபைசல்பைட் என்ற இன்னொரு பதப்பொருளைப் போட்டால் திராட்சையின் கருஞ்சிவப்பு வெளுத்துவிடும் என்பதால் இதைச் சிட்டிகைக் கணக்கில் எடுத்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஆறிய சாற்றில் கலப்பார்கள். புளிப்பு இருந்தால்தான் இது வேலை செய்யும். புளிப்பான சாற்றில் உப்பு மறுபடி அமிலமாகி ஈஸ்ட்டின் உள்ளே நுழைகிறது. உள்ளே போனதும் பிரிந்து அங்கே புளிப்பை ஏற்றுகிறது. அதை வெளியேற்றியே ஈஸ்ட் தன் சக்தியெல்லாம் தீர்ந்து ஓய்ந்துபோகிறது.

அமெரிக்காவில் இதன் பேரில் பெரிய சண்டையே நடந்தது. வாஷிங்டனில் ஹார்வி வைலி என்ற அரசு வேதியியலாளர் 1902 முதல் இளைஞர்களுக்குச் சாப்பாட்டோடு பதப்பொருள்களைக் கொடுத்துச் சோதித்தார். பென்சோயேட் கெடுதல் என்றார். உற்பத்தியாளர்கள் அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் முறையிட, ஐரா ரெம்சன் தலைமையில் அமைந்த குழு, சிறிய அளவில் தீங்கில்லை என்று 1909இல் தீர்ப்புச் சொன்னது. வைலியின் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். வாயில் போவதைச் சோதிக்காமல் விற்கலாம் என்றிருந்த காலத்தில் கேள்வி கேட்டவர் அவர்.

ஆனால் இந்த உப்பு உடம்புக்குள் என்ன ஆகிறது என்பதற்கான விடை அதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே கிடைத்திருந்தது. கல்லீரல் அதைக் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு கோத்து, ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. இதை வோலரின் ஆய்வகத்தில் 1842இல் கெல்லர் என்பவர் தாமே விழுங்கிப் பார்த்து உறுதிசெய்தார். கிளைசின் ஒவ்வொன்றும் ஒரு நைட்ரஜனைக் கையோடு கொண்டுபோகிறது. அந்தப் பழைய தகவல்தான் பிற்காலத்தில் குழந்தைகளின் உயிரைக் காத்தது.

யூரியா சுழற்சியில் பிறவிக் குறை உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். பால் குடிக்கத் தொடங்கிய சில நாட்களில் சோர்ந்து, வாந்தியெடுத்து, நினைவிழக்கும். புரதத்தின் கழிவான அம்மோனியா யூரியாவாக மாறாமல் இரத்தத்தில் ஏறி மூளையை வீங்கவைப்பதுதான் காரணம். நைட்ரஜனை வெளியேற்ற வேறு வழி திறந்தால் என்ன என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சால் புருசிலோவும் மார்க் பாட்ஷாவும் யோசித்து, 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் பென்சோயேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். அம்மோனியா இறங்கியது. 2005இல் பென்சோயேட்டும் பினைல் அசிட்டேட்டும் சேர்ந்த ஊசி மருந்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இந்த உப்பு மூளையைக் காக்கும் என்று தயங்காமல் சொல்ல இந்த ஓர் இடம் இருக்கிறது.

மறதி நோய்க் கதை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. நினைவாற்றலுக்கு முக்கியமான, மூளை நரம்பணுக்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பி என்ற வாயில் திறக்க குளுட்டமேட் மட்டும் போதாது, டி-செரின் போன்ற துணையும் வேண்டும். அந்த டி-செரினைச் சிதைக்கும் நொதியைப் பென்சோயேட் தடுக்கிறது. அப்படியானால் டி-செரின் மிஞ்சும், ஏற்பி சுறுசுறுப்பாகும் என்பது கணக்கு. தைவானில் லேன் என்ற மனநல மருத்துவரின் குழு இதே கணக்கில் முதலில் மனச்சிதைவு நோயாளிகள் 52 பேரிடம் 6 வாரம் சோதித்து, 2013இல் நல்ல முன்னேற்றம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு ஆரம்பநிலை அல்சைமர் மறதி நோயாளிகள் 60 பேரிடம் 24 வாரம் சோதித்ததில், நாளுக்கு 250 முதல் 750 மில்லிகிராம்வரை பெற்றவர்களிடம் அறிவாற்றல் தேர்வில் முன்னேற்றம் தெரிந்தது.

பிறகு ஆஸ்திரேலியாவில் மனநோயின் தொடக்க நிலையில் இருந்த 100 பேரிடம் 12 வாரம் சோதித்தபோது பலன் தெரியவில்லை. வயதும் நோயின் கட்டமும் வேறு என்று வாதாடலாம்தான். ஆனாலும் அறுபது பேரின் முடிவை வைத்து, பெற்ற தாயின் பெயர் மறந்த தகப்பனைக் கவனித்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு நம்பிக்கை விற்பது பாவம். இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 2007இல் வெளியான ஆய்வில், செயற்கை நிறங்களோடு பென்சோயேட் சேர்ந்த பானம் குடித்த குழந்தைகளிடம் துறுதுறுப்பு கூடியிருந்தது. நிறமா, உப்பா, எது காரணம் என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறதி நோய்ச் சோதனையைக் கேட்டுவிட்டு ஸ்குவாஷ் பாட்டிலைத் திறக்க நினைப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நம் நாட்டு விதிகள் நெடுங்காலமாக ஸ்குவாஷில் அனுமதித்து வந்த உச்ச அளவு கிலோவுக்கு 600 மில்லிகிராம் பென்சோயிக் அமிலம். தைவானில் கொடுத்த உச்ச அளவு உள்ளே போக, தண்ணீர் கலக்காத ஸ்குவாஷ் தினமும் ஒரு கிலோவுக்கு மேல் குடிக்க வேண்டும். அதோடு கிட்டத்தட்ட அரைக் கிலோ சர்க்கரையும் போகும்.