மூன்று வட்டங்களுக்கு வெளியே

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். பாக்கித் தொகையை நினைவூட்டும் எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு நிரல் எழுதினேன். பணம் கட்டியவர்கள் ஒரு வட்டம், இறந்துபோனவர்கள் இன்னொரு வட்டம். இரண்டுக்கும் வெளியே இருப்பவர்களுக்குத்தான் போக வேண்டும். நான் எழுதிய நிபந்தனை: 'கட்டாதவர் அல்லது இறக்காதவர்'. வாசித்தால் சரியாகத்தான் படும். வென்படம் போட்டுப் பாருங்கள். வட்டங்கள் வெட்டும் பகுதி, அதாவது பணமும் கட்டி இறந்தும் போனவர்கள் மட்டும்தான் தப்பிக்கிறார்கள். மற்ற எல்லோருக்கும் போயிற்று. காரியம்கூட முடியாத ஒரு வீட்டுக்கும். அங்கிருந்து வந்த போனை எடுத்தவன் நான்தான்.

'அல்லது' இருந்த இடத்தில் 'மற்றும்' போட்டதும் சரியாயிற்று. சேர்ப்பின் நிரப்பு, நிரப்புகளின் வெட்டு: பரீட்சைக்கு மனப்பாடம் செய்த டி மார்கன் விதி. 'காபியும் வேணாம், டீயும் வேணாம்' என்று நம்ம பாட்டி சொல்வதும் இதேதான். வேண்டாம் என்றதும் நாக்கு தானாக 'உம்'முக்குப் போய்விடுகிறது. எனக்குத்தான் போகவில்லை.

வகுப்பில் யாரும் சொல்லாத விஷயம், அகஸ்டஸ் டி மார்கன் பிறந்ததே மதுரையில். 1806 ஜூன் 27. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி. பதின்மூன்றாம் நாள் வேலூரில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒரு கண்ணில் பார்வை போனது. ஏழாவது மாதம் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது. ஆகவே 'மதுரை மண்ணின் மைந்தரே' என்று போஸ்டர் ஒட்டும் ஆசை எனக்கில்லை. ஆனால் அந்தப் பிறப்பு அவரை விடவுமில்லை. தான் இங்கிலீஷ்காரனும் இல்லை, ஸ்காட்லாந்துக்காரனும் இல்லை, ஐரிஷ்காரனும் இல்லை, எதிலும் ஒட்டாத பிரிட்டன்காரன் என்று சொல்லிக்கொள்வாராம். மூன்று வட்டங்களுக்கும் வெளியே, ஆனால் சுற்றியிருக்கும் செவ்வகத்துக்குள் ஒரு புள்ளி.

அந்தச் செவ்வகம் இல்லாமல் நிரப்பு கணமே கிடையாது. பேச்சின் எல்லையை 'யுனிவர்ஸ்' என்று 1846இல் தர்க்கத்துக்குள் கொண்டுவந்தவரும் இவர்தான். விதியை ஓக்கம் வில்லியம் 14ஆம் நூற்றாண்டிலேயே சொற்களில் சொல்லியிருக்கிறார். ஜான் வென் தன் படங்களை வெளியிட்டதோ டி மார்கன் இறந்து ஒன்பது வருஷம் கழித்து, 1880இல்.

செவ்வகத்தை யார் வரைகிறார்கள் என்பதில்தான் அவருக்குச் சண்டை. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1827இல் நான்காமிடம். எம்.ஏ. பட்டத்துக்கு இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மறுத்தார், அங்கே ஃபெல்லோ ஆகும் வழி அடைபட்டது. மதம் கேட்காமல் சேர்த்துக்கொள்வதற்கென்றே தொடங்கிய லண்டன் கல்லூரி 1828இல், 21 வயதில், அவரைக் கணிதப் பேராசிரியராக எடுத்தது. 1866இல் அதே கல்லூரி, யுனிடேரியன் போதகர் என்பதற்காக ஜேம்ஸ் மார்ட்டினோவுக்குத் தர்க்கப் பேராசிரியர் பதவியை மறுத்தது. அறுபது வயதில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, டி மார்கன் அங்கிருந்தும் வெளியே வந்தார்.